போனைக் கேட்பவர்களிடம் காகிதத்தைக் கேளுங்கள்: அரசுக் கண்காணிப்பும் அந்தரங்க உரிமையும் (முழுமையான வழிகாட்டி)

2021 அக்டோபரில் ஹைதராபாத் தெருக்களில் வண்டியில் போகிறவர்களைப் போலீசார் நிறுத்தி, போனை வாங்கி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடிப் பார்த்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அதைப் பார்த்த எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இப்படிக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகணுமா?

பதில் ஒரு வரியில் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும். இந்தியாவில் அரசுக்கு உங்கள் பேச்சைக் கேட்கவும், போனைப் பறிமுதல் செய்யவும், நடமாட்டத்தைக் கவனிக்கவும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதத்தின் வழியாக நடந்தாக வேண்டும்: ஆணை, நோட்டீஸ், மகஜர் (கைப்பற்றிய பொருள்களைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பட்டியல்), ஒப்புகை. காகிதம் இருந்தால் அதில் ஒரு அதிகாரியின் பெயரும் தேதியும் காரணமும் இருக்கும். பின்னால் நீதிபதி முன்னால் வைத்துக் கேள்வி கேட்கலாம். காகிதம் இல்லாமல் நடந்ததற்கு நீங்கள்தான் சாட்சி தேட வேண்டியிருக்கும். ஆகவே எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம், அதை எப்படிக் கேட்பது என்பதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: நடப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்

'என்னைக் கண்காணிக்கிறாங்க' என்று சொல்லும்போது நாம் நாலு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பேச்சையோ செய்தியையோ நேரடியாகக் கேட்பது ஒன்று. யாருடன், எப்போது, எந்த டவர் பக்கத்திலிருந்து பேசினீர்கள் என்ற சி.டி.ஆர். பட்டியலை மட்டும் வாங்குவது இன்னொன்று. போனையே கையிலிருந்து வாங்கிப் பார்ப்பது மூன்றாவது. ஹிஸ்டரி ஷீட் (காவல் நிலையத்தில் ஒருவர் பெயரில் வைக்கும் கண்காணிப்புக் கோப்பு) திறந்து ஆளைப் பின்தொடர்வது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கையெழுத்துப் போடும் அதிகாரி வேறு.

இங்கேயே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். போனில் 'கிளிக்' சத்தம் வருகிறது, சூடாகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது, அதனால் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படியான ஒட்டுக்கேட்பு நடப்பது உங்கள் போனில் அல்ல, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அமைப்பில். உங்கள் பக்கம் எந்த அறிகுறியும் தெரியாது. ஸ்டார், ஹேஷ் போட்டு 21 அழுத்திப் பாருங்கள் என்று சுற்றிவரும் குறுந்தகவலும் அப்படித்தான். கால் ஃபார்வர்டிங் போட்டிருக்கிறதா என்பதைத்தான் அது காட்டும். உளவு மென்பொருள் ஏற்றியிருந்தால் கதை வேறு. அதையும் சூட்டை வைத்துச் சொல்ல முடியாது, தடயவியல் பரிசோதனை வேண்டும்.

படி 2: உரிமை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தார்கள். ராத்திரியில் கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டுவார், எழுப்பிப் பார்ப்பார், போவார். கரக் சிங் உச்ச நீதிமன்றம் போனார். 1962-இல் ஆறு நீதிபதிகள் அமர்வு, ராத்திரி வீடு தேடி வருவது செல்லாது என்றது. ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள், அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று ஒன்று இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு மறுப்பு எழுதினார்.

அந்த மறுப்பு சட்டமாக 55 ஆண்டு ஆனது. நடுவில் தமிழ்நாட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் முட்டுக்கட்டை போட்ட வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தொந்தரவு இல்லாமல் விட்டுவிடக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் (உயிர், தனிமனித சுதந்திரம்) அடங்கியது என்றது. கடைசியில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். கரக் சிங் தீர்ப்பில் அதற்கு மாறாக இருந்த பகுதி ரத்தானது.

புட்டசாமி தீர்ப்பிலிருந்து நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது மூன்று கேள்விகள். அரசு உங்கள் அந்தரங்கத்துக்குள் நுழையும்போது, அதற்கு ஒரு சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? எடுத்த வழி அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்கிறதா? மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார் என்பது சட்டம் ஆகாது. எந்த மனு எழுதினாலும் இந்த மூன்றையும் வரிசையாக வையுங்கள்.

படி 3: ஒட்டுக்கேட்பு ஆணையில் என்னென்ன இருக்க வேண்டும்

1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் பிரிவு 5(2)-தான் நூற்றாண்டுக்கு மேல் இதற்கு ஆதாரம். இப்போது அதன் இடத்தில் 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பிரிவு 20(2) இருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். முதல் வாசல்: பொது அவசரநிலை இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். அதைத் தாண்டினால் இரண்டாவது வாசல்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பிற நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது ஆகியவற்றில் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

இந்த இரட்டை வாசலை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் விளக்கியது. பொது அவசரநிலை என்பது அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்க முடியாது, சாதாரண மனிதர் பார்த்தாலே தெரிய வேண்டும் என்றது. வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியுமா என்றும் முதலில் யோசிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தந்த நெறிமுறைகள் 2007-இல் தந்தி விதிகளில் விதி 419ஏ ஆயின. அதற்குப் பதிலாக 2024 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன.

அந்த விதிகளின்படி ஆணையிடுபவர், மத்திய அரசில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர். இன்ஸ்பெக்டரோ எஸ்.பி.யோ தாமாக ஒட்டுக்கேட்க முடியாது. ஒரு ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்துக்கொண்டே போனாலும் மொத்தம் 180 நாள்தான். அவசரம் என்று சொல்லி, ஒட்டுக்கேட்க அனுமதி பெற்ற புலனாய்வு அமைப்பின் மூத்த அதிகாரியே தொடங்கினால், மூன்று வேலை நாளுக்குள் உள்துறைச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏழு வேலை நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் நிறுத்த வேண்டும். அதுவரை கேட்டதைக் கோர்ட்டில் ஆதாரமாகவும் பயன்படுத்தக் கூடாது. சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2023 சட்டம்.

கணினி, இணையம் வழியாக வரும் தகவலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69 தனியாக இருக்கிறது. இதில் முதல் வாசலே கிடையாது. பொது அவசரநிலை வேண்டாம், 'ஏதேனும் ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்ய' என்றாலே போதும். 2018 டிசம்பர் 20 அன்று இந்தப் பிரிவின் கீழ் சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத் துறை, டெல்லி காவல் ஆணையர் உட்படப் பத்து அமைப்புகளுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 1996-இல் வரைந்த வேலியை இந்தப் பிரிவு சத்தமில்லாமல் தாழ்த்திவிட்டது என்பது என் கருத்து.

சரி, இந்த ஆணைகளை யார் சரிபார்க்கிறார்கள்? மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைமையிலும், மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலும் ஒரு மறுஆய்வுக் குழு. உறுப்பினர்களும் அரசுச் செயலர்களே. நீதிபதி ஒருவர்கூட இல்லை. ஆணையிடுவதும் நிர்வாகம், அதைச் சரியா என்று பார்ப்பதும் நிர்வாகம். இந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும். மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக ஒரு ஆர்.டி.ஐ. பதிலில் வெளிவந்தது. அப்படியானால் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டும், இது நடக்கிற காரியமா என்று 2018-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. அமெரிக்காவில் 1968 முதலே குற்றப் புலனாய்வுக்கு ஒட்டுக்கேட்க நீதிபதியின் வாரண்ட் வேண்டும், முடிந்த பிறகு பொதுவாக 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இங்கே குற்றப்பத்திரிகையோடு ஒலிப்பதிவு வந்தால்தான் தெரியும். அப்படி வராவிட்டால் ஆயுளுக்கும் தெரியாது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

படி 4: சி.டி.ஆர். கணக்கு வேறு

பேச்சைக் கேட்காமல் பட்டியலை மட்டும் வாங்க உள்துறைச் செயலர் வரை போக வேண்டாம். காவல் துறையே எழுத்துமூலம் நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம், நடைமுறையில் எஸ்.பி. நிலை அதிகாரி வழியாகப் போகும். நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி மாறியது. உங்கள் மீது வழக்கு வந்து, சம்பவ நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்கள் என்றால், அதே பதிவு உங்களுக்கும் உதவும். அழிந்துபோவதற்குள் பாதுகாத்து வைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். பலர் இதை நினைக்கும்போது இரண்டு ஆண்டு தாண்டியிருக்கும்.

படி 5: போனை நேரில் கேட்டால்

இதுதான் அன்றாடம் நடப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், குரலை உயர்த்த வேண்டாம், போனைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். "எந்த வழக்கு சார், எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன? எழுத்துல நோட்டீஸ் இருக்கா?" இந்த இரண்டு கேள்விகள் போதும். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம்) பிரிவு 94-இன் கீழ் ஒரு ஆவணத்தையோ போன் போன்ற சாதனத்தையோ ஒப்படைக்கச் சொல்ல நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது எழுத்துமூல உத்தரவாக இருக்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதனையிட வந்தால் பிரிவு 185. அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, அதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பித்தால் உங்களுக்கும் இலவசமாக அதன் நகல் கிடைக்கும். இப்படிக் கேட்க உரிமை உண்டு என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

சாதாரண வாகனச் சோதனையில் குறிப்பிட்ட குற்றச் சந்தேகம் எதுவும் இல்லாமல் போனைத் திறந்து காட்டச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. "விருப்பம் இல்லை சார், நோட்டீஸ் கொடுத்தா ஸ்டேஷனுக்கு வர்றேன்" என்று சொல்லலாம். நீங்களாகத் திறந்து நீட்டினால், பின்னால் அது சம்மதம் என்று எழுதப்படும்.

பறிமுதல் என்று ஆகிவிட்டால், உங்கள் கண் முழுக்க மகஜர் மேல் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு இளைஞரின் மகஜரில் 'கருப்பு நிற செல்போன் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. அவ்வளவுதான். கருப்பு போன் எத்தனை லட்சம் இருக்கும்! எட்டு மாதம் கழித்து அவர் கைக்குத் திரும்பிய போனின் மூலையில் ஒரு கீறல் இருந்தது, அவர் போனில் கீறலே கிடையாது என்றார். இது அந்தப் போன்தானா என்று காட்ட எந்த வழியும் இல்லை. ஆகவே மகஜரில் கம்பெனி, மாடல், ஐ.எம்.இ.ஐ. எண்கள் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்; ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் திரையில் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு எண்), சிம், மெமரி கார்டு, போன் ஆஃப் ஆகியிருந்ததா ஆனில் இருந்ததா, எடுத்த நேரம் ஆகிய எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

வீட்டுச் சோதனை என்றால் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் இருக்க வேண்டும், பட்டியலின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்கிறது பிரிவு 103. பிரிவு 105, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த இந்தப் பிரிவு மக்களுக்கு உண்மையிலேயே பயன்படும் ஒன்று. "வீடியோ எடுக்கிறீங்களா சார்?" என்று அங்கேயே கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், அந்த விவரத்தை மறுநாளே தேதி போட்டுப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் அனுப்புங்கள்.

ஹேஷ் வேல்யூ என்று ஒன்றையும் கேளுங்கள். போனில் உள்ள தரவு முழுவதற்கும் கணிதமுறையில் எடுக்கும் ஒரு கைரேகை அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ்ப் படிவத்தில் இதற்கு இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். பறிமுதல் நேரத்தில் எடுக்காமல் ஒரு மாதம் கழித்து ஆய்வகத்தில் எடுத்தார்கள் என்றால், நடுவில் என்ன நடந்தது என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கலாம்.

படி 6: பாஸ்வேர்டு

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). பாஸ்வேர்டு மூளையில் இருப்பது, அதைச் சொல்ல வைப்பது சாட்சி சொல்ல வைப்பதுதான் என்பது ஒரு வாதம். கைரேகை கொடுப்பது சாட்சி ஆகாது என்று 1961-லேயே பதினொரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் நீதிமன்ற உத்தரவின் வழியாகக் கேட்கலாம் என்ற பக்கம் போனது. மறு ஆண்டே டெல்லியில் ஒரு சி.பி.ஐ. நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர், "என் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், கோர்ட் உத்தரவு இருந்தால் காட்டுங்கள்" என்பதோடு நிற்கலாம். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். பிரிவு 38-இல் இருக்கிறது. விரல்ரேகைப் பூட்டைவிட நீளமான எண் பூட்டு இந்த விஷயத்தில் பாதுகாப்பானது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு போனை ரீசெட் செய்வது, செய்திகளை அழிப்பது. அது சாட்சியத்தை அழித்த குற்றமாகத் தனியாக வரும். நிரபராதியைக்கூட அது குற்றவாளி ஆக்கிவிடும்.

படி 7: போனைத் திரும்ப வாங்குவது

ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்க வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497 அல்லது 503-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். பொருளை ஸ்டேஷனில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். போன் கிடைக்காவிட்டால் தரவின் நகலாவது வேண்டும் என்று மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள்.

படி 8: ஒட்டுக்கேட்டார்களா என்று தெரிந்துகொள்வது

ஆர்.டி.ஐ. போட்டால் சொல்வார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். நாட்டின் பாதுகாப்பு, புலனாய்வுக்கு இடையூறு என்று 8(1)(ஏ), 8(1)(எச்) பிரிவுகளைக் காட்டி மறுப்பார்கள். 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும், ஒருவரின் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதா என்ற தகவல் ஆர்.டி.ஐ.யில் விலக்குக்கு உட்பட்டது என்றுதான் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பெயரைப் போட்டுக் கேட்காமல், மறுஆய்வுக் குழு கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, எத்தனை ஆணைகளை ரத்து செய்தது என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் மறுப்புக் கடிதம் கையில் இருக்கும், அதுவும் ஒரு காகிதம்தான்.

படி 9: உயர் நீதிமன்றம்

வழக்கில் ஒலிப்பதிவு வந்துவிட்டதென்றால் ஆணையின் நகலை உடனே கேளுங்கள். அதில் எந்த வாசல் எழுதியிருக்கிறது, காரணம் எழுதியிருக்கிறதா, அல்லது சட்டத்தின் வரியையே அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்களா, மறுஆய்வுக் குழுவுக்கு உரிய காலத்தில் போனதா என்று பாருங்கள். ஓட்டை இருந்தால் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு.

2019 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு லஞ்ச வழக்கில் மூன்று ஒட்டுக்கேட்பு ஆணைகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011-இல் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை ஒன்றை ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாக ஒட்டுக்கேட்பது பொது அவசரநிலைக்குள்ளும் வராது, பொதுப் பாதுகாப்புக்குள்ளும் வராது, மறுஆய்வுக் குழு முன்னால் வைக்காததும் தவறு என்றார். அதற்குச் சில நாள் முன்னால் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பெரிய ஊழல் வழக்கில் இதற்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. சட்டவிரோதமாக எடுத்த ஆதாரம் என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்ற 1972-ஆம் ஆண்டு மல்கானி தீர்ப்பையும் அரசுத் தரப்பு எடுத்துவரும். புட்டசாமிக்குப் பின் அந்த நிலைப்பாடு நிற்குமா என்பதுதான் உங்கள் வழக்கறிஞர் வாதாட வேண்டிய இடம்.

தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்தாலே நீதிமன்றம் ஒதுங்கிப் போய்விடாது என்று, பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் அமைந்த குழு 29 போன்களைப் பரிசோதித்து ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகச் சொன்னது, அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு தெரிவித்தது. தீர்ப்பில் வென்றாலும் உண்மையை வெளியே கொண்டுவர எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த வழக்கில் பார்த்தோம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசம். போகும்போது மகஜர் நகல், நோட்டீஸ், பதிவுத் தபால் ரசீது, ஐ.எம்.இ.ஐ. எழுதிய தாள், நடந்ததைத் தேதி, நேரத்தோடு அன்றைக்கே எழுதிவைத்த குறிப்பு ஆகிய ஐந்தையும் ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் போங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.